குளியலறையில் இருட்டறை: நம்ம ஊர்ச் சூட்டுக்குச் சரிவருமா?

"மாமா ஸ்டூடியோவை மூடும்போது தந்த என்லார்ஜர் (நெகட்டிவைப் பேப்பரில் பெரிதாக்கி விழுத்தும் மெஷின்) சும்மா கிடக்கிறது. குளியலறையில் வைத்துக் கறுப்பு வெள்ளை பிரிண்ட் போடலாமா? எங்கள் டாங்கித் தண்ணீர் எப்போதும் வெதுவெதுப்பாகத்தான் வருகிறது." (ஆரையம்பதி வாசகர்)

தாராளமாகப் போடலாம் தம்பி. இருட்டைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். நம்ம பக்கம் வருடம் முழுக்க ஆறு, ஆறரைக்குள் பொழுது பட்டுவிடும், ஏழு மணிக்கு மேல் தொடங்கினால் ஓட்டு இடுக்கெல்லாம் அடைக்கத் தேவையில்லை. தெருவிளக்கு விழும் ஜன்னலுக்குக் கறுப்புப் பொலித்தீன், கதவடியில் ஒரு பழைய சாரம், அவ்வளவுதான். வேலை செய்யும்போது பேப்பரைக் கெடுக்காமல் வெளிச்சம் தரப் போடும் சிவப்பு பல்பை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். பேப்பர் துண்டொன்றுக்கு என்லார்ஜரில் மெல்லிய சாம்பல் வரும் அளவு வெளிச்சம் காட்டி, மேலே ஒரு நாணயத்தை வைத்து, சிவப்பு வெளிச்சத்தில் ஐந்து நிமிடம் விட்டு, டெவலப்பரில் (படத்தை வெளிக்கொண்டுவரும் மருந்து) போட்டு எடுங்கள். நாணயத்தின் வட்டம் வெளிறித் தெரிந்தால் அந்த பல்ப் சரிவராது.

உங்கள் உண்மையான தலையிடி சூடுதான். டெவலப்பர் போத்தலில் போட்டிருக்கும் நேரம் பெரும்பாலும் 20 பாகைக்கானது, கச்சான் அடிக்கிற மாதங்களில் நம்ம தண்ணீர் 30ஐ ஒட்டி நிற்கும். பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பர் 20இல் ஒரு நிமிடம் அளவில் கிடக்க வேண்டியது. 30இல் படம் மளமளவென்று ஏறும், பயந்துபோய் இடையில் தூக்கினால் கறுப்பு கறுப்பாக இராது, சேறு கலந்த சாம்பலாகத் திட்டுத் திட்டாக வரும். கறுத்துப்போனாலும் நேரம் முடியட்டும், அடுத்த பிரிண்டில் என்லார்ஜர் வெளிச்சத்தைக் குறையுங்கள். தண்ணீர்ப் போத்தல் இரண்டை ஃப்ரீசரில் உறையவைத்து, பெரிய பேசினில் தண்ணீர் விட்டு மிதக்கவிட்டு, டெவலப்பர் ட்ரேயை அதற்குள் வையுங்கள். ஐஸை மருந்துக்குள் நேரே போட்டால் மருந்து ஐதாகிவிடும். 20க்கு இறக்க மல்லுக்கட்டவும் வேண்டாம், 24இல் ஆடாமல் நின்றால் சரி, ஏனென்றால் முதல் பிரிண்டுக்கும் பத்தாவதுக்கும் இடையில் சூடு ஏறினால் டெஸ்ட் ஸ்ட்ரிப் (எவ்வளவு நேரம் வெளிச்சம் காட்டுவதென்று பார்க்கப் போடும் பேப்பர் துண்டு) எடுத்ததே வீண்.

பேப்பரை ஃப்ரிட்ஜில் வைப்பது நல்லதுதான், ஆனால் வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள். வாவிக் காற்றின் ஈரம் குளிர்ந்த தாளில் வியர்த்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சில மணி நேரம் அப்படியே கிடக்கட்டும்.

டெவலப்பரின் வேலையை நிறுத்தும் அடுத்த ட்ரேக்குக் கடைச்சரக்கு தேடத் தேவையில்லை, நிறமில்லாத வினாகிரி ஒரு பங்குக்குத் தண்ணீர் இரண்டு பங்கு. கடைசியில் ஃபிக்ஸர் (படத்தை நிலைக்கவைக்கும் மருந்து), பிறகு ஓடுகிற தண்ணீரில் இரண்டு நிமிடம்.

என்லார்ஜர் லென்ஸை டோர்ச் வெளிச்சத்தில் பாருங்கள், வலை மாதிரித் தெரிந்தால் பூஞ்சணம். பழைய ஸ்டூடியோ உருப்படியென்றால் 120 என்ற அகலமான பிலிமுக்குரிய 75 மில்லிமீற்றர் லென்ஸாகவும் இருக்கலாம், அதில் 35 மில்லிமீற்றர் நெகட்டிவைப் போட்டால் படம் எதிர்பார்த்த அளவுக்குப் பெருக்காது, 50 மில்லிமீற்றர் லென்ஸ் ஒன்று தேட வேண்டிவரும். மெஷின் ட்ரேக்களுக்கு எதிர்ப்பக்கம் இருக்கட்டும், ஈரக் கையோடு சுவிட்சைத் தொடாதீர்கள், ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று முதலில் அழுத்திப் பாருங்கள்.

இன்னொன்று, பாவித்த ஃபிக்ஸரில் வெள்ளி கரைந்திருக்கும். நம்ம மணல் தரையில் ஊற்றுவதெல்லாம் நேரே கிணற்றுக்குத்தான் இறங்கும், ஆகவே பாத்ரூம் கானுக்குள் விடாமல் மூடியுள்ள பிளாஸ்டிக் கலனில் சேர்த்து வையுங்கள், இரும்புக் கம்பளி கொஞ்சம் போட்டால் வெள்ளியில் பெரும்பகுதி அடியில் சேறாகப் படியும். அதற்குப் பிறகும் அந்தத் தண்ணீர் மண்ணுக்கு வேண்டாம்.