மாயக்கதை நாயகி ராணி பக்கம் நிற்பதா, தோழியைக் காப்பதா?

இளையோர் நாவலில் இந்தக் கேள்விக்கு விடை முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். ராணியைக் கெட்டவளாக்கியதுதான் சிக்கல், அவள் பக்கமும் நியாயம் இருக்கணும். எங்கள் திருவாரூர்க் கோயிலுக்கு வெளியே மனுநீதிச் சோழனின் கல்தேர் நிற்கிறது. இளவரசனின் தேர்ச்சக்கரத்தில் கன்றை இழந்த பசு கொம்பால் அரண்மனை மணியை அடித்தது, எல்லோரும் அரசனின் நீதியைத்தான் பேசுவார்கள், ஆனால் எனக்கு மனசு போய் நிற்பது அமைச்சரிடம். இளவரசன் மேல் தேரை ஓட்டு என்கிறான் அரசன். கட்டளையை மீறவும் முடியாது, பிள்ளையைக் கொல்லக் கையும் வராது, பெரியபுராணத்தில் அவர் தன் உயிரையே விட்டுவிடுகிறார். அப்புறம்தான் அரசனே தேரை ஓட்டுகிறான். உங்கள் நாயகி கையிலும் அந்தக் கடிவாளத்தைக் கொடுங்கள். சாக வேண்டாம், சின்னப் பிள்ளைகள் படிப்பது. ஆனால் அவள் எந்தப் பக்கம் இழுத்தாலும் யாராவது அழணும், அந்த அழுகை அடுத்த அத்தியாயத்திலும் கேட்கணும்.