வாசகர் கேள்வி–பதில்: இல்லத்தில் அம்மா ஏன் இளைக்கிறார்?

கேள்வி: என் அம்மாவுக்கு 78 வயது. முதியோர் இல்லத்தில் இருக்கிறார். மூன்றே மாதத்தில் 52 கிலோவிலிருந்து 48-க்கு இறங்கிவிட்டார். சோறு, குழம்பு, பொரியல் எல்லாவற்றையும் மிக்ஸியில் ஒன்றாக அடித்து, நின்றபடி வேகவேகமாக ஊட்டுகிறார்கள். "வயசானா இளைக்கத்தான் செய்வாங்க" என்கிறார் வார்டன். அப்படித்தானா?
— வாசகி, ஈரோடு

பதில்: இல்லை. மூன்று மாதத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் எடை தானாகக் குறைந்தால் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். உங்கள் அம்மா அந்த அளவைத் தாண்டிவிட்டார். தைராய்டு, சர்க்கரை, மனச்சோர்வு, வாயை உலர்த்தும் மாத்திரைகள் என எதுவும் காரணமாக இருக்கலாம். இந்த வாரமே காட்டுங்கள்.

வாயையும் பாருங்கள். பல்செட் போட்டவர் என்றால், இளைக்க இளைக்க செட் தளர்ந்து ஆடும், புண்ணாக்கும், மெல்ல மறுப்பார். உடனே எல்லாம் மிக்ஸிக்குப் போய்விடும். அரைபடத் தண்ணீர் ஊற்றுவதால் கிண்ணம் நிறைந்தாலும் சத்து நீர்த்துப்போகும். பல்தான் பிரச்சினை என்றால் குழைந்த சோறும் கரண்டியால் மசித்த காயும் போதும்.

சாப்பிடும்போது இருமுகிறாரா, சாப்பிட்டதும் குரல் கொழகொழக்கிறதா, கன்னத்தில் சோறு ஒதுங்கிக் கிடக்கிறதா? அப்படியானால் விழுங்குவதிலேயே சிக்கல். பரிசோதித்தபின் மருத்துவர் அரைக்கச் சொன்னால், தனித்தனியாக அரைக்கச் சொல்லுங்கள். பருப்பு மஞ்சளாக, கீரை பச்சையாகத் தட்டில் தெரிய வேண்டும். என்னவென்றே தெரியாத கூழை நாமே இரண்டாவது வாய் வாங்க மாட்டோம். விழுங்கச் சிரமப்படுபவர்களுக்குத் தண்ணீரும் காபியும்கூட ஆபத்து. சட்டென ஓடி மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். கெட்டிப்படுத்தித் தர வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

ஊட்டுபவர் ஸ்டூல் போட்டு, அம்மாவின் கண்மட்டத்தில் உட்கார வேண்டும். நின்று ஊட்டினால் அம்மா அண்ணாந்து வாங்குவார், அதனால் எளிதில் புரையேறும். முதுகு நிமிர்ந்திருக்கட்டும். அரைக் கரண்டி கொடுத்து, தொண்டை ஏறி இறங்கியதைப் பார்த்தபின் அடுத்த வாய். முடிந்ததும் அரை மணி நேரம் படுக்க வைக்கக்கூடாது. ஒருவரே எட்டுப் பேருக்கு ஊட்டினால் இதெல்லாம் நடக்காது. ஊட்ட வேண்டியவர்களுக்கு மட்டும் அரை மணி முன்பே பரிமாறும்படி வார்டனிடம் பேசுங்கள்.

உடல் எடையில் கிலோவுக்கு 1 கிராம் புரதமாவது தினமும் வேண்டும். அம்மாவுக்குச் சுமார் 50 கிராம். சோறும் இட்லியும் 20 கிராம் தந்தாலே அதிகம். மீதிக்கு இரண்டு டம்ளர் பால் (400 மி.லி.), ஒரு முட்டை, 40 கிராம் பருப்பு சேர வேண்டும். முட்டை வேண்டாம் என்றால் தயிரோ பன்னீரோ கூட்டுங்கள். சிறுநீரக நோய் இருந்தால் மட்டும் இந்தக் கணக்கை மருத்துவர் சொல்லட்டும்.

மாலை 6 மணிக்குச் சாப்பாடு, காலை 8-க்கு டிபன் என்றால் நடுவே 14 மணி நேரப் பட்டினி! இரவு 8.30-க்கு பாலில் செய்த சத்துமாவுக் கஞ்சி கேளுங்கள். படுக்கை நனையும் என்று தண்ணீரைக் குறைத்தால் மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் வரும். பகலிலேயே, மாலை 5-க்குள், பெரும்பகுதியைக் குடிக்க வைக்கலாம்.

இவற்றை எழுதிக் கொடுத்து, நகல் வைத்துக்கொள்ளுங்கள். மாதாமாதம் எடை பார்த்து நோட்டில் குறிக்கச் சொல்லுங்கள். இல்லத்தினர் அசையவில்லை என்றால் மாவட்டச் சமூக நல அலுவலரிடம் போங்கள். 14567 என்ற முதியோர் உதவி எண்ணுக்குக் கட்டணம் கிடையாது.