ஈல்கான்களின் கூட்டாளிகள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். மங்கோலியர் பாடம் 1258 பாக்தாத் அழிவோடு முடிந்துவிடுகிறது. இம்முறை ஈரானை ஆண்ட ஈல்கான்களின் வெளியுறவை வைத்து நடத்த ஆசை. சிலுவைப்போர்க் காலம் என்பதால் மதப்பகை என்று சொன்னால் எளிதில் புரியுமல்லவா? தேர்வுக்கு உதவுமா?

எம்.

அன்புள்ள எம்.,

தேர்வுக்கு உதவாது, அதை விடுங்கள். ஆசை நல்ல ஆசை. ஆனால் அந்த 'எளிதில்' எனக்கு எரிச்சலூட்டுகிறது.

எங்கள் வரலாற்று வாத்தியார் தங்கமானவர். சாப்பாடு கொண்டுவராத பையனுக்குத் தன் டிபன் பாக்ஸை நீட்டுவார். ஆனால் எந்தப் போருக்குக் காரணம் கேட்டாலும் 'மதம்' என்று எழுதச் சொல்வார். எழுதினால் மார்க். நீங்களும் அதையே செய்யப்போகிறீர்களா?

பாக்தாதை அழித்தவர் ஹுலாகு, முதல் ஈல்கான். அவருடைய பெரியப்பா மகன் பெர்க்கே, வோல்காக் கரை மங்கோலியரின் கான், முஸ்லிம். எகிப்தின் மம்லூக் சுல்தான் பைபர்ஸோடு கைகோத்தார். 1262ல் ஹுலாகுவோடு போர். மதமும் உண்டுதான். ஆனால் இருவரும் உரிமை கோரிய அஜர்பைஜான் மேய்ச்சல் நிலத்தை எங்கே வைப்பீர்கள்? அடிமை வீரர்களை வைத்துக் கட்டிய மம்லூக் படைக்கு ஆள் வேண்டும். அதற்கான கிப்சாக் இன அடிமைச் சிறுவர்கள் பெர்க்கேயின் புல்வெளியிலிருந்தே கப்பலேறினார்கள். அந்தக் கப்பல்களைக் கான்ஸ்டாண்டிநோபிள் வழியாக விட்டவர் கிறிஸ்தவப் பேரரசர் எட்டாம் மிக்கேல். அவரே ஒரு மகளை ஹுலாகுவின் மகன் அபாகாவுக்கும், இன்னொரு மகளை எதிர்த்தரப்பான வோல்கா மங்கோலியரின் தளபதி நோகாய்க்கும் கட்டிக்கொடுத்தார். இதில் எது மதப்பகை?

ஹுலாகுவின் பேரன் அர்குன் 1289ல் பிரான்ஸ் மன்னர் நான்காம் பிலிப்புக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. 1291 வசந்தத்தில் டமாஸ்கஸ் வாசலில் சேருவோம், ஜெருசலேமைப் பிடித்தால் உங்களுக்கு என்கிறார். பிலிப் வரவில்லை. அர்குனும் அந்த மார்ச்சில் இறந்துபோனார். மே மாதம் சிலுவைப்போர்க்காரர்களின் ஆக்ரே நகரம் மம்லூக்குகள் கையில். நடக்காமல் போன கூட்டணிகளையும் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும்.

அப்புறம் அர்குனின் மகன் கசான். 1295ல் முஸ்லிமாகிறார். இந்த இடத்தில் நிறுத்தி, இனி எகிப்தோடு சமாதானம்தானே என்று வகுப்பைக் கேளுங்கள். எல்லாரும் ஆமாம் என்பார்கள். கசான் 1299ல் மம்லூக்குகளின் சிரியா மேல் படையெடுத்தார்! 1302ல் போப்பாண்டவருக்குக் கடிதமும் எழுதினார். சமாதானம் 1323ல்தான் வந்தது, அவர் தம்பி மகன் அபூ சயீத் காலத்தில்.

ப்ரொஜெக்டரெல்லாம் வேண்டாம். கரும்பலகையில் சராய் (வோல்கா மங்கோலியர்), தப்ரீஸ் (ஈல்கான்கள்), கெய்ரோ (மம்லூக்குகள்), கான்ஸ்டாண்டிநோபிள் என்று நான்கு புள்ளி வையுங்கள். சாக்பீஸைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள். யாருக்கு யார் கூட்டு என்று அவர்களே கோடு போடட்டும். 1262க்கு ஒருமுறை, 1299க்கு ஒருமுறை. நடுவில் புகுந்து திருத்தாதீர்கள்.