தோட்டம் முழுக்க வேண்டாம், ஒரு நிரை போதும்

கேள்வி: வணக்கம் சார். நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவள். டிஜிட்டல் மீடியா டிசைன் டிப்ளோமா, இறுதியாண்டு. எங்கள் தோட்டம் இப்போது முக்கால்வாசி செம்பனை (எண்ணெய்ப்பனை). தொழிலாளர்களின் வரிசை வீடுகள் இருந்த பழைய லயத்தில் சில வீடுகள்தான் மிச்சம். பாட்டி முப்பது வருஷத்துக்கு மேல் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். இதெல்லாம் காணாமல் போவதற்குள் தோட்டம் முழுவதையும் வி.ஆரில் (கண்ணாடி மாட்டிப் பார்க்கும் மெய்நிகர் காட்சியாக) செய்து, பார்ப்பவர்கள் உள்ளே நடந்து பார்க்கும்படி வைக்க ஆசை. 14 வாரம் இருக்கிறது. என் லேப்டாப் 8 ஜிபி ரேம், தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. விரிவுரையாளர் 'ரொம்பப் பெரிசு' என்கிறார். இதற்கு முன் செய்த இரண்டு வேலையும் பாதியில் நின்றுவிட்டன. புது லேப்டாப் வாங்கக் கடன் எடுக்கலாமா? இல்லை, தலைப்பையே மாற்றிவிடவா?

பதில்: தலைப்பை மாற்ற வேண்டாம். அளவை மாற்றுங்கள். உங்கள் விரிவுரையாளர் சொன்னது சரிதான். ஆனால் 'பெரிசு' என்று சொல்லிவிட்டு எதைக் குறைப்பது என்று சொல்லாமல் விட்டால் மாணவர் குழம்பிப்போவார். அதை இங்கே பார்ப்போம்.

முதலில் வி.ஆர். ஒரு லயத்து வீட்டை மட்டும் படங்களிலிருந்து 3டியாக எழுப்பவே நூற்றுக்கணக்கான படங்கள் வேண்டும். ஒவ்வொரு படமும் அடுத்த படத்தோடு 60 முதல் 80 சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்க வேண்டும். உங்கள் 8 ஜிபி ரேம் அதைத் தாங்காது. தாங்கினாலும் கிடைப்பது ஆளில்லாத ஒரு கட்டடம். சுவரின் வடிவம் உங்கள் குடும்ப ஆல்பத்துப் படங்களிலேயே இருக்கும். எந்த ஆல்பத்திலும் இல்லாதது உங்கள் பாட்டியின் கை கத்தியைப் பிடிக்கும் விதம், அவர் வாயில் வரும் சொற்கள், பட்டையில் கத்தி இறங்கும் ஓசை. பெரட்டு (காலையில் ஆள் கணக்கெடுப்பு), தீம்பாரு (பால்மரக் காடு), நிரை (மரவரிசை), காண்டா (வாளி சுமக்கும் தோள்கழி), ஒட்டுப்பால் (வெட்டில் காய்ந்து ஒட்டிய பால்), ஆயாக்கொட்டகை (குழந்தைகளை விட்டுச்செல்லும் இடம்) என்று அவர் எந்த யோசனையும் இல்லாமல் சொல்லும் சொற்களைச் சொல்ல இன்னும் பத்து வருஷத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? அதனால்தான் ஒலியிலிருந்து தொடங்குங்கள் என்கிறேன்.

என் யோசனை இது: ஒரு விடியற்காலை, ஒரே ஒரு நிரை. பாட்டியின் குரலும் சுற்றுப்புற ஒலியும் படங்களும் சேர்ந்து, கைப்பேசியின் பிரௌசரில் ஓடும் பத்து நிமிட ஊடாடும் கதை. இதற்கு டுவைன் என்ற இலவச மென்பொருள் போதும். கிளைகளாகப் பிரியும் கதைகளுக்காகவே வந்தது அது, கடைசியில் ஒரே ஒரு எச்.டி.எம்.எல். கோப்பாகத் தரும். உங்கள் லேப்டாப்புக்கு அது ஒரு சுமையே இல்லை.

கதையின் கட்டமைப்பை நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, பால் வெட்டும் வேலையிலேயே அது இருக்கிறது. இருட்டோடு எழுவது, பெரட்டு, நிரைக்கு நடப்பது, வெட்டு, காத்திருப்பு, பால் எடுப்பது, ஸ்டோரில் நிறுப்பது. இதில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் காத்திருப்பு. வெட்டிய மரத்தில் பால் இரண்டு மூன்று மணி நேரம் சொட்டும். அதுவரை எடுக்க முடியாது. பசியாறியதும், ஊர்க்கதை பேசியதும், சில நாள் அழுததும் அந்த நேரத்தில்தான். உங்கள் படைப்பிலும் பார்ப்பவரை அங்கே நிறுத்துங்கள். 'அடுத்து' பொத்தானை மறைத்துவிட்டு, மங்கில் (பால் சொட்டும் கிண்ணத்தில்) பால் ஏறுவதை மட்டும் காட்டிப் பாட்டியைப் பேச விடுங்கள். பால் நிறைந்ததும் பொத்தான் தானாக வரட்டும். வேலையின் தாளமும் படைப்பின் தாளமும் ஒன்றாகிவிடும். தேர்வாளர்கள் இதைத்தான் டிசைன் என்பார்கள். வி.ஆர். கண்ணாடியைப் பார்த்து அல்ல.

வெட்டும் காட்சியைக் கிட்டத்தில் எடுங்கள். முதலில் நேற்றைய கோட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை நூல் மாதிரி இழுத்து எடுப்பார்கள். அதற்கு ஒரு தனிச் சத்தம் உண்டு. பிறகு கத்தி, ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் பட்டை சீவப்படும். கொஞ்சம் ஆழமானால் மரத்துக்குக் காயம். வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து, ஏறக்குறைய 30 பாகை சாய்வில் இறங்கும். பட்டைக்குள் பால் குழாய்கள் செங்குத்தாகப் போகாமல் வலப்பக்கமாகச் சற்றுச் சாய்ந்து ஏறுகின்றன. இப்படி வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். டிசைனருக்கு இது ஏன் தெரிய வேண்டும்? பக்க அமைப்புக்கு அழகாக இருக்கிறதே என்று படத்தை இடவலமாகத் திருப்பிப் போடும் பழக்கம் நம் எல்லாருக்கும் உண்டு. பால்மரப் படத்தைத் திருப்பினால் வெட்டு தப்பாகிவிடும். பாட்டி ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். செயற்கை நுண்ணறிவில் உருவாக்கும் தோட்டப் படங்களை நான் இந்த வேலைக்கு வேண்டாம் என்பதற்கும் இதுதான் காரணம். தோராயமான மரம், தோராயமான கை உங்களுக்குத் தேவையில்லை. உண்மையான மரம் உங்கள் ஊரிலேயே நிற்கிறது.

உங்கள் தோட்டத்தில் பால்மரம் இல்லாவிட்டால் அக்கம்பக்கத்தில் சிறுதோட்டக்காரர் யாராவது இன்னும் வெட்டுகிறாரா என்று விசாரியுங்கள். தோட்டம் நிறுவனத்துடையது என்றால் மேனேஜர் ஆபீசில் எழுத்துபூர்வ அனுமதி வாங்காமல் கேமராவோடு நுழையாதீர்கள். ட்ரோன் ஆசையை இந்தத் தடவை விட்டுவிடுங்கள். அனுமதி அலைச்சலிலேயே வாரங்கள் போய்விடும், இருட்டில் நடக்கும் கதைக்கு அது தேவையும் இல்லை.

இப்போது ஒலிப்பதிவு. கைப்பேசியே போதும். ஆனால் அதில் இருக்கும் சாதாரண ரெக்கார்டர் ஒலியைச் சுருக்கிச் சேமிக்கும். அமைப்புக்குள் போய், வசதி இருந்தால் சுருக்காத வடிவத்துக்கு, அதாவது வேவ் போன்ற கோப்பாக மாற்றுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ் வைத்தால் வீடியோவோடு சேர்க்கும்போது தகராறு வராது. சட்டையில் மாட்டும் ஒயர் மைக் ஒன்று வாங்குங்கள், பாட்டியின் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி மாட்டுங்கள். ஏரோப்ளேன் மோடில் போட மறக்க வேண்டாம். வெளியே காற்று அடித்தால் மைக்குக்குக் கட்டாயம் ஒரு நுரை உறை வேண்டும். காற்று உரசிய ஒலியை ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் எவ்வளவு தேய்த்தாலும் சரிசெய்ய முடியாது.

வீட்டுக்குள் பதியும்போது காற்றாடியை நிறுத்துங்கள், புழுக்கமாக இருந்தாலும் பரவாயில்லை. ஃபிரிஜ்ஜையும் நிறுத்துங்கள், நிறுத்தியதும் உங்கள் மோட்டார் சைக்கிள் சாவியை அதற்குள் வைத்துவிடுங்கள். அப்போதுதான் கிளம்பும்போது திரும்பப் போட ஞாபகம் வரும், பாட்டி வீட்டு மீன் கெடாது. எல்லாம் முடிந்த பின் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அந்த அறையின் ஒலியை மட்டும் பதியுங்கள். பேச்சை வெட்டி ஒட்டும்போது இடைவெளிகளை நிரப்ப அது வேண்டும். பலரும் இதை விட்டுவிட்டு எடிட்டிங்கில் உட்கார்ந்து முழிப்பார்கள். தகரக் கூரையில் மழை பெய்தால் பேட்டியை நிறுத்திவிட்டு மழையைத் தனியாகப் பதிந்து வையுங்கள்.

கேள்வி கேட்கும் விதம் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 'அந்தக் காலத்து வாழ்க்கை எப்படி இருந்துச்சு பாட்டி?' என்று கேட்டால் 'கஷ்டந்தாம்மா' என்று முடித்துவிடுவார். கையில் பழைய கத்தியைக் கொடுத்து 'எப்படிப் பிடிப்பீங்க, காட்டுங்க' என்று ஆரம்பியுங்கள். கை ஞாபகப்படுத்திக்கொண்டால் வாய் தானாகத் திறக்கும். அப்புறம் சின்னச் சின்னதாகக் கேளுங்கள். யார் யாரை எழுப்பியது? கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு நடக்கும்போது திரும்பிப் பார்ப்பாரா? சாப்பாட்டுத் தூக்கில் என்ன இருக்கும்? கங்காணி எங்கே நிற்பார்? அவர் மௌனமாகிவிட்டால் அடுத்த கேள்வியை உடனே போடாதீர்கள். நல்லது அதற்குப் பின்னால்தான் வரும்.

அவர் பேச்சில் மற்றவர்கள் பெயரும் வரும், குடும்ப விஷயமும் வரும். வெளியிடுவதற்கு முன் முழுவதையும் அவருக்குப் போட்டுக் காட்டி, 'இது வேண்டாம்' என்பதை எடுத்துவிடுங்கள். சம்மதத்தை அவர் குரலிலேயே பதிந்துகொள்ளலாம். பாட்டிதானே என்று இதைத் தள்ளிவைக்காதீர்கள், சொந்தம் என்பதால்தான் கூடுதல் கவனம் வேண்டும். பின்னணியில் பழைய சினிமாப் பாட்டு வைக்க மனம் இழுக்கும். உரிமை வேறொருவருடையது, தளங்கள் அதைத் தானாகவே கண்டுபிடித்துத் தடுக்கும். பாட்டியே முணுமுணுக்கும் தாலாட்டு இருந்தால் அது ஆயிரம் மடங்கு மேல்.

உங்கள் ஊருக்கு வரலாறு ஏராளம். 1877இல் வந்த ரப்பர் கன்றுகளில் சில நடப்பட்டது உங்கள் மாவட்டத்துக் கோலாகங்சாரில்தான். அதில் ஒரு மரம் இன்றும் நிற்கிறது. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார் (தோட்ட நிர்வாகிகள்) கொல்லப்பட்டதை அடுத்துத்தான் கம்யூனிஸ்டுக் கிளர்ச்சிக்கு எதிரான மலாயா அவசரகாலம் பிறந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட நேரத்தில், 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய, அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் உங்கள் ஊர்க்காரர். இதையெல்லாம் முகப்பில் கொட்டினால் படைப்பு பாடநூலாகிவிடும். பாட்டியின் வாயில் இவற்றில் எது வருகிறதோ, அந்தச் சொல்லைத் தொட்டால் இரண்டு வரி விளக்கம் திறக்கட்டும். அவர் சொல்லாததைச் சேர்க்க வேண்டாம்.

3டி தெரியும் என்று காட்டியாக வேண்டுமா? ஒரே ஒரு பொருளை எடுங்கள். மங்கு வேண்டாம், பளபளப்பு மெருகு 3டிக்குப் பகை. தகர வாளியும் அப்படித்தான். மரப்பிடி போட்ட பழைய கத்தி சரியாக வரும். மேகமூட்டமான நாளில் வாசலில் வைத்து, சுற்றிச் சுற்றி எண்பது நூறு படம் எடுங்கள். படங்களை 3டியாக மாற்றும் கனமான கணினி வேலையைக் கல்லூரி லேபில் செய்துவிட்டு, பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் கோப்பின் எடையைக் குறைத்து வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். அனிமேஷன் யோசனை வந்தால் ஒரு கணக்கு: நொடிக்கு 12 ஓவியம் என்றாலே ஒரு நிமிடத்துக்கு 720. பத்து நொடிக்கு மேல் போகாதீர்கள்.

தமிழ் எழுத்தில்தான் பல நல்ல படைப்புகள் கெட்டுப்போகின்றன. ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் எழுத்து அமைப்பை 'வேர்ல்டு ரெடி' என்று மாற்றாவிட்டால் 'கொ' வெறும் கொம்பும் காலுமாகச் சிதறிவிடும். இல்லஸ்ட்ரேட்டரில் 'இண்டிக்' தேர்வைத் திறக்க வேண்டும். பழைய பாமினி எழுத்துரு பிரௌசரில் வேலைக்கு ஆகாது. யூனிகோடில் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், காட்டமரன் எல்லாம் இலவசம். ஆங்கிலத் தலைப்புக்குச் செய்வது போல எழுத்துகளை விரித்து வைக்காதீர்கள், வரிக்கு வரி இடைவெளியை மட்டும் தாராளமாக விடுங்கள். இன்னொன்று, பாட்டி 'நெறை' என்று சொன்னால் வசனத்தில் 'நெறை' என்றே போடுங்கள். திருத்தாதீர்கள்.

பார்க்கப்போகிறவர்களில் பாதிப் பேர் தோட்டத்து உறவுகள், கைப்பேசி டேட்டாவில் பார்ப்பவர்கள். மொத்தமும் 20 எம்பிக்குள் அடங்கட்டும். பேச்சை ஒற்றைத் தடத்தில் 96 கேபிபிஎஸ் எம்பி3 ஆக்கினால் பத்து நிமிடத்துக்கு ஏழு எம்பிதான்.

நேரத்தை இப்படிப் பிரிக்கலாம். முதல் நான்கு வாரம் பதிவு மட்டும், லேப்டாப்பில் எதையும் வடிவமைக்க வேண்டாம். ஐந்தாவது வாரம் காட்சிகளை அட்டைகளில் எழுதித் தரையில் பரப்பி, தம்பி தங்கையை ஒவ்வொன்றாகத் தொட்டு நடக்கச் சொல்லுங்கள். எங்கே குழம்புகிறார்களோ அங்கே கதை அறுந்திருக்கிறது. எட்டாவது வாரத்துக்குள் அழகில்லாவிட்டாலும் ஆரம்பம் முதல் முடிவு வரை ஓடும் ஒரு வடிவம் இருந்தே ஆக வேண்டும். முன்பு இரண்டு வேலை நின்றுபோனதாகச் சொன்னீர்கள். முதல் காட்சியையே மெருகேற்றிக்கொண்டிருந்தீர்களோ என்று எனக்குச் சந்தேகம். முழுதும் ஓடிய பிறகு மெருகு, அந்த வரிசையை மாற்றாதீர்கள். பதிவுகளை மூன்று பிரதி வைத்து, அதில் ஒன்றை வீட்டுக்கு வெளியே எங்காவது வையுங்கள்.

அந்த அட்டைகளையும், வேண்டாமென்று ஒதுக்கிய ஓவியங்களையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்கு ஆள் எடுக்கும்போது நான் முதலில் தேடுவது அதைத்தான். முடிந்த பக்கம் அழகாக இருப்பது நிறையப் பேரிடம் உண்டு. 'காத்திருப்பில் பொத்தானை ஏன் மறைத்தேன்' என்று நான்கு வரியில் சொல்லத் தெரிந்தவர் குறைவு. வேலை தேடும்போது காட்டும் தொகுப்பில் ஐந்தாறு வேலை போதும், குழு வேலையென்றால் உங்கள் பங்கு எது என்று தெளிவாக எழுதுங்கள்.

லேப்டாப்புக்குக் கடன் வேண்டாம். அந்த மைக்கும், வெளியே மாட்டும் ஒரு ஹார்ட் டிஸ்க்கும் வாங்கினால் இந்த வேலைக்குப் போதும். சிறுதோட்டக்காரரிடம் நாள் குறிப்பதற்கு முன் ஒரு விஷயம் கேளுங்கள்: மரம் இலை உதிர்க்கும் காலமா என்று. பிப்ரவரி, மார்ச் வாக்கில் பால் குறையும், சிலர் வெட்டை நிறுத்திவிடுவார்கள். முந்தின இரவு மழை பெய்து பட்டை ஈரமாக இருந்தாலும் வெட்டு கிடையாது. அதனால் ஒரு விடியற்காலையை நம்பாமல் மூன்று நான்கு நாளை ஒதுக்கி வையுங்கள். தலைவிளக்கு ஒன்றும் கொசு மருந்தும் எடுத்துக்கொண்டு, அவர் கிளம்பும் நேரத்துக்கு அரை மணி முன்னாலேயே போய் நில்லுங்கள்.