உதிரத்தை எடைபோட்டுப் பாருங்கள், சகோதரி

கேள்வி: அரசு மருத்துவமனைப் பிரசவ அறையில் ஒன்பது ஆண்டுகள் ஸ்டாஃப் நர்ஸாக இருந்துவிட்டு, இப்போது எம்.எஸ்சி. நர்சிங் மகப்பேறு பிரிவில் படிக்கிறேன். ஆய்வுத் தலைப்பு கேட்கிறார்கள். மூத்த மாணவிகள் பெரும்பாலும் 'கர்ப்பிணிகளின் அறிவில் கற்பித்தல் திட்டத்தின் பயன்' என்ற வகையிலேயே எடுத்திருக்கிறார்கள். டேட்டா எடுக்க ஆறு வாரம்தான் கிடைக்கும். நானும் அதையே எடுத்துவிடலாமா, உருப்படியாக வேறு ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: வேறு செய்ய முடியும், செய்யவும் வேண்டும். கற்பித்தல் ஆய்வில் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். வினாத்தாள் கொடுக்கிறோம், பாடம் நடத்துகிறோம், ஏழாம் நாள் அதே வினாத்தாளைத் திரும்பக் கொடுக்கிறோம். மதிப்பெண் ஏறாமல் எங்கே போகும்? முடிவு முன்கூட்டியே தெரிந்த கேள்விக்கு அறுபது தாய்மார்களின் நேரத்தை வாங்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

உங்களிடம் ஒன்பது ஆண்டுப் பிரசவ அறை இருக்கிறது. அங்கே தினமும் நடக்கும் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நஞ்சுக்கொடி விழுந்ததும் கேஸ் ஷீட்டில் உதிரப்போக்கு எவ்வளவு என்று எழுதுகிறோம். எப்படி எழுதுகிறோம்? கண்ணால் பார்த்துத்தான். ஒரு முறை அனுபவம் மிகுந்த சிஸ்டர் ஒருவர் "இருநூறு மில்லி இருக்கும்" என்றார். அதே பேடுகளையும் துணிகளையும் தராசில் வைத்தபோது நானூறைத் தாண்டியது. அவர் கவனக்குறைவானவர் அல்லர். துணி உறிஞ்சியதையும் மேசை விளிம்பில் வழிந்ததையும் கண்ணால் அளக்க யாராலும் முடியாது.

இதைப் பெல்காம் ஜவாஹர்லால் நேரு மருத்துவக் கல்லூரியில் ஆராய்ந்து, 2006-இல் வெளியிட்டார்கள். அளவுக்கோடுகள் உள்ள பிளாஸ்டிக் விரிப்பைத் தாயின் இடுப்புக்கு அடியில் வைத்து அளந்தபோது, கண் மதிப்பீடு அதைவிட 33 சதவீதம் குறைவாக இருந்தது. 123 தாய்மார்களைக் கொண்ட சிறிய ஆய்வுதான். அதே ஆண்டு 'லான்செட்' இதழில் வந்த ஆய்வில், பெல்காம் பகுதிக் கிராமங்களில் துணைச் செவிலியர்கள் 1620 தாய்மார்களை இந்த விரிப்பைக் கொண்டே கண்காணித்தார்கள். உதிரப்போக்கு நோய், அதாவது பிரசவத்துக்குப் பின் 500 மில்லியோ அதற்கு மேலோ உதிரம் போவது, போலி மாத்திரை பெற்றவர்களிடம் 12 சதவீதமாகவும், உதிரப்போக்கைத் தடுக்கும் மிசோபிரஸ்டால் மாத்திரை பெற்றவர்களிடம் 6.4 சதவீதமாகவும் இருந்தது. பிறகு பர்மிங்ஹாம் பல்கலைக்கழகம் தலைமையேற்று ஆப்பிரிக்காவின் நான்கு நாடுகளில், 80 மருத்துவமனைகளில் ஆய்வு நடத்தி 2023-இல் முடிவை வெளியிட்டது. வழக்கமான முறையில் உதிரப்போக்கு நோயில் பாதிதான் கண்டறியப்பட்டது. விரிப்பால் அளந்து, தேவையான சிகிச்சைகள் எல்லாவற்றையும் உடனே ஒருசேரத் தொடங்கிய மருத்துவமனைகளில் 93 சதவீதம் கண்டறியப்பட்டது. கடும் உதிரப்போக்கு உள்ளிட்ட மோசமான விளைவுகளும் 60 சதவீதம் குறைந்தன. எவ்வளவு போகிறது என்று அளந்து பார்க்கும் பழக்கத்திலிருந்து கிளைத்தவை இவை.

உங்கள் கேள்வி இப்படி இருக்கலாம்: 'எங்கள் பிரசவ அறையில் செவிலியர் கண்ணால் மதிப்பிடும் உதிரத்துக்கும், எடைபோட்டு அறியும் உதிரத்துக்கும் எவ்வளவு வித்தியாசம்?' விரிப்பு கிடைக்காவிட்டாலும் டிஜிட்டல் தராசு போதும். நனைந்த எடையிலிருந்து உலர்ந்த எடையைக் கழித்தால், ஒரு கிராம் ஏறத்தாழ ஒரு மில்லிலிட்டர். குழந்தை பிறந்து, பனிக்குட நீர் வடிந்த பிறகே புதுத் துணியை விரியுங்கள். நீர் கலந்துவிட்டால் கணக்கே தப்பாகிவிடும், இந்த ஒரு இடத்தில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். செவிலியர் தம் மதிப்பீட்டை எழுதி மடித்துக் கொடுத்த பிறகுதான் தராசை எடுக்க வேண்டும். நீங்கள் எடைபோடுவது தெரிந்ததும் அவர்கள் கூடுதல் கவனத்தோடு எழுதத் தொடங்குவார்கள். முதல் வாரத்தையும் கடைசி வாரத்தையும் பிரித்துப் பார்த்தால் அது தெரிந்துவிடும்.

புள்ளியியலாளரை டேட்டா எடுத்த பிறகு தேடாதீர்கள், இப்போதே போய்ப் பாருங்கள். எத்தனை தாய்மார்கள் வேண்டும் என்பதை அவர் கணக்கிட்டுச் சொல்லட்டும். 'எல்லோரும் அறுபது எடுக்கிறார்கள்' என்பது காரணமாகாது. இரண்டு அளவுகளும் சேர்ந்தே ஏறி இறங்குகின்றனவா என்று காட்டும் ஒட்டுறவுக் கெழுவை மட்டும் போட்டு முடித்துவிடாதீர்கள். எல்லோரும் சரியாகப் பாதியையே எழுதினாலும் அந்தக் கெழு உச்சத்தில்தான் நிற்கும்! ஒவ்வொரு தாய்க்கும் இரண்டு அளவுகளின் வித்தியாசத்தை அவற்றின் சராசரிக்கு எதிரே வரையும் பிளாண்ட்-ஆல்ட்மன் முறையில் பாருங்கள். உதிரம் அதிகமாக அதிகமாகக் கண் மதிப்பீடு கூடுதலாகத் தவறுகிறதா என்பதும் அதில் தெரியும்.

இது கவனித்துப் பதிவுசெய்யும் ஆய்வு. மருந்தோ பயிற்சியோ கொடுத்துப் பார்க்கும் தலையீட்டு ஆய்வாக மாற்றினால், முதல் தாயைச் சேர்ப்பதற்கு முன்பே இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் பதிய வேண்டியிருக்கும். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் எந்த ஆய்வுக்கும் தேவை, அதற்கே வாரங்கள் ஆகலாம் என்பதால் விண்ணப்பத்தை முதலில் கொடுங்கள்.

சம்மதம் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. வலியில் துடிக்கும் பெண்ணிடம் கையெழுத்து வாங்காதீர்கள். கர்ப்பகாலப் பரிசோதனைக்கு வரும்போதே, நல்ல தமிழில் எழுதிய படிவத்தைப் படித்துக் காட்டிக் கேளுங்கள். அவர் பார்வையில் நீங்கள் ஆய்வாளர் அல்லர், பிரசவம் பார்க்கப்போகிற சிஸ்டர். 'மாட்டேன்' என்று சொல்ல அவருக்குப் பயமாக இருக்கும். உங்களோடு பணி செய்யாத வேறொருவர் கேட்பது நல்லது. அளவு 500 மில்லியைத் தொட்டால் உடனே டாக்டரை அழைப்பேன், ஆய்வு அதற்குப் பிறகுதான் என்ற வரியும் உங்கள் திட்டத்தில் இருக்கட்டும்.

வழிகாட்டி தயங்கினால், பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் உள்ள பழைய ஆய்வேடுகளில் பத்தை எடுத்துக்கொண்டு போய், உங்கள் கேள்வி எங்கே வேறுபடுகிறது என்று காட்டுங்கள். ஐந்து பிரசவங்களில் முன்னோட்டம் பார்க்கவும் அனுமதி கேளுங்கள். துணியை எங்கே வைப்பது, இரவுப் பணியில் யார் எடைபோடுவது என்பதெல்லாம் அந்த ஐந்திலேயே தெரிந்துவிடும்.