பேய்க்குக் கால் உண்டு

ஐயா வணக்கம்,

எனக்கு வயது 24. கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறேன். ரத்தமும் சதையுமாக எழுதிய திகில் கதைகள் கிடைத்தால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். "பொம்பளப் பிள்ளைக்குப் புத்தி ஏன் இப்படிப் போகுது" என்று அம்மா திட்டுகிறார். இதில் அப்படி என்ன ஈர்ப்பு? என் மனதில் ஏதும் கோளாறா? நான் எழுதிய கதை ஒன்றையும் அனுப்பியிருக்கிறேன்.

*

அன்புள்ள வாசகிக்கு,

கோளாறு ஒன்றும் இல்லை. புத்தகத்தை மூடினால் பயம் நின்றுவிடும் என்று தெரிந்துதான் படிக்கிறோம், அதனால் படபடப்பும் சுகமாக இருக்கிறது. கலிங்கத்துப்பரணியில் பேய்கள் யானைத் தந்தத்தால் பல் விளக்கி, விலா எலும்பால் நாக்கு வழித்து, போர்க்களத்துப் பிணங்களில் கூழ் காய்ச்சிக் குடிக்கின்றன. 900 ஆண்டுகளாக நாம் ரசித்துப் படிக்கும் நூல் அது. சுடுகாட்டுப் பேயை நரம்பும் குழிந்த வயிறுமாகப் பாடிய காரைக்கால் அம்மையார் பெண்தான். அம்மாவிடம் சொல்லுங்கள்.

சில நாட்களாகவே என் தாத்தாவை நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர் அவர். ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்கு, ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வந்தார். கூடப் போன தம்பி வரவில்லை. சயாம் என்று யாராவது பேச்செடுத்தால் தாத்தா எழுந்து போய்விடுவார். ஆனால் இரவில் லயத்து வாசலில் எங்களை உட்காரவைத்துப் பேய்க்கதை சொல்வார். பேய்க்குக் கால் கிடையாது என்பாள் பாட்டி. தாத்தாவின் பேய்க்குக் காலில்தான் கதையே. மூங்கில் கீறிய சின்னக் காயம் புண்ணாகி, சதை அழுகி, எலும்பு வெள்ளையாகத் தெரியும். கரண்டியால் சுரண்டச் சுரண்டக் கத்தும். அந்தப் பேய்க்குக் கஞ்சியும் சுட்ட கருவாடும் என்றால் உயிர். இடது காதில் மட்டும் கடுக்கன். நாங்கள் கண்ணைப் பொத்திக்கொண்டு "அப்புறம் தாத்தா?" என்போம்.

நாற்பது வயதுக்கு மேல்தான் அந்த 415 கிலோமீட்டர் பாதையைப் பற்றிப் படித்தேன். மூங்கில் கீறலில் தொடங்கும் புண், கரண்டி வைத்தியம், எல்லாம் அதில் இருந்தன. மலாயாவிலிருந்து போன தமிழர்கள் பல்லாயிரம் பேர் அங்கே செத்தார்கள். படித்த கையோடு அப்பாவுக்குப் போன் போட்டேன். சின்னத் தாத்தா கடுக்கன் போட்டிருந்தாரா என்று கேட்டேன். ஒற்றைக் கடுக்கன், இன்னொன்றை விற்றுவிட்டார் என்றார் அப்பா.

இப்போது உங்கள் கதை. ஏழு பேர் சாகிறார்கள். கத்தி எத்தனை அங்குலம் என்று எழுதத் தெரிந்த உங்களுக்கு, செத்தவர்களில் ஒருவருக்காவது பெயர் வைக்கத் தோன்றவில்லை. நான்கு இடத்தில் குடல் சரிகிறது. அந்த வயிறு காலையில் என்ன சாப்பிட்டது என்று ஓரிடத்திலும் இல்லை. படிக்கப் படிக்க எனக்குக் கோபம்தான் வந்தது. ரத்தம் நிறைய இருக்கிறதே என்று இல்லை, அது யாருடைய ரத்தமாகவும் இல்லையே என்று. இது சோம்பேறித்தனம், அம்மா. உங்களுக்குக் கை நன்றாக ஓடுகிறது, அதனால்தான் இத்தனை கடுமையாகச் சொல்கிறேன்.

ஆறு பேரைப் பிழைக்க விடுங்கள். மிச்சமிருக்கும் ஒருவருக்குப் பெயர் வையுங்கள், பசிக்க வையுங்கள், யாரிடமாவது கடன் வாங்க வையுங்கள். கத்தியை அப்புறம் எடுக்கலாம். எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், காத்திருக்கிறேன்.