பெரிய நாய்க்கு எந்த அளவுக் கூண்டு?

கேள்வி: எங்கள் ஜெர்மன் ஷெப்பர்டுக்கு எட்டு மாதம் ஆகிறது, எடை 30 கிலோ. வீட்டில் வைக்க மடக்குக் கம்பிக்கூண்டு வாங்க விரும்புகிறோம். எடைப்படி 42 அங்குலக் கூண்டு போதும் என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கிறார்கள். 48 அங்குலக் கூண்டையே வாங்கிவிடலாமா? பின்னாளில் விமானப் பயணத்துக்கும் அது உதவுமா?

பதில்: எடையை மட்டும் பார்த்துக் கூண்டை முடிவு செய்யாதீர்கள். அதே 30 கிலோவில் கட்டுக்குட்டான லாப்ரடாரும் உண்டு, நீண்ட முதுகும் நிமிர்ந்த காதுகளும் கொண்ட ஷெப்பர்டும் உண்டு.

நாயை நேராக நிற்க வைத்து, மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை அளவுநாடாவால் அளந்துகொள்ளுங்கள்; வாலைச் சேர்க்க வேண்டாம். பிறகு தரையிலிருந்து காது நுனி வரை, நிற்கும்போதும் உட்காரும்போதும் அளந்து, எது அதிகமோ அதை உயரமாகக் கொள்ளுங்கள். இரண்டு அளவுகளோடும் 5 முதல் 10 செ.மீ. வரை கூட்டினால் கூண்டுக்குத் தேவையான உள்ளளவு கிடைத்துவிடும். பெட்டியில் அச்சிடப்படுவது பெரும்பாலும் வெளியளவு என்பதைக் கவனிக்க வேண்டும். 42 அங்குலம் ஏறக்குறைய 107 செ.மீ.; உங்கள் நாயின் நீளம் 100 செ.மீ. என்றால், உள்ளே அது தாராளமாகத் திரும்பிப் படுக்க இடம் போதாது. அடித்தட்டும் மெத்தையும் உயரத்திலும் கொஞ்சம் குறைத்துவிடும்.

எட்டு மாதத்தில் வளர்ச்சி முடிந்துவிடுவதில்லை என்பதால், 48 அங்குலமே சரியென்பது என் கருத்து. ஆனால் நடுவில் நகர்த்தி வைக்கக்கூடிய தடுப்புடன் வரும் கூண்டாகப் பார்த்து வாங்குங்கள். இடம் மிகுதியாக இருந்தால், கழிப்பிடப் பழக்கம் முழுமையாக வராத நாய் ஒரு மூலையில் அசுத்தம் செய்துவிட்டு மறுமூலையில் படுத்துக்கொள்ளும். தடுப்பை வளர்ச்சிக்கேற்பத் தள்ளி வைத்தால் அந்தத் தொல்லை குறையும்.

விமானப் பயணத்துக்கு இதை நம்ப வேண்டாம். மடக்குக் கம்பிக்கூண்டுகள் பொதுவாக அங்கே ஏற்கப்படுவதில்லை. உறுதியான சுவர்களுள்ள பெட்டி தேவை. ஐயாட்டா எனப்படும் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் கணக்கும் வேறு: மூக்கிலிருந்து வாலடி வரையுள்ள நீளத்தோடு, தரையிலிருந்து முன்னங்காலின் முழங்கை மூட்டு வரையுள்ள உயரத்தில் பாதியைக் கூட்டினால் பெட்டியின் நீளம், தோள் அகலத்தின் இருமடங்கு அதன் அகலம், நாய் நிற்கும்போது காது நுனி வரையுள்ள உயரத்தோடு விரிப்பின் தடிமனையும் சேர்த்தால் அதன் உயரம். பயணம் உறுதியானதும், நாயைப் புதிதாக அளந்து, பெட்டி வாங்கும் முன்பே விமான நிறுவனத்திடம் அந்த அளவுகளைச் சொல்லி ஒப்புதல் பெற்றுக்கொள்ளுங்கள்.